வருமான வரித் துறைக் கடிதம் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்பளக்காரர்கள், ஓய்வூதியர்கள், சிறு தொழில் செய்பவர்கள், வீடு வாங்கியவர்கள், விற்றவர்கள் என்று சென்னையில் பலரும் வருமான வரிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகள் இவை. இங்கே வரும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு உரியவை. 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய வருமானத்துக்கான நடவடிக்கைகள் பழைய சட்டப்படியே நடக்கும். அதனால் இன்னும் சில ஆண்டுகளுக்குக் கடிதங்களில் இந்த எண்களைத்தான் பார்ப்பீர்கள்.

கடிதம் வந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லோருடைய கண்ணும் தொகையில்தான் போய் நிற்கும். அதை அப்புறம் பாருங்கள். முதலில் நான்கு விஷயங்களைத் தேடி ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தப் பிரிவின் கீழ் வந்தது, எந்த மதிப்பீட்டு ஆண்டு, பதிலுக்குக் கெடு என்ன, டின் எனப்படும் ஆவண அடையாள எண் என்ன. இந்த நான்கும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பிரிவு எண்ணை வைத்துத்தான் அது வெறும் தகவலா, பணம் கேட்பதா, விளக்கம் கேட்பதா என்று சொல்ல முடியும்.

மதிப்பீட்டு ஆண்டில் பலர் தடுமாறுகிறார்கள். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சம்பாதித்தது 2024-25 நிதியாண்டு. அதற்கான மதிப்பீட்டு ஆண்டு 2025-26. கடிதத்தில் 2025-26 என்று இருக்கிறதே என்று அந்த ஆண்டின் பாஸ்புக்கை எடுத்து ஒப்பிட்டால் ஒரு எண்ணும் பொருந்தாது. கெடுவைச் சமையலறைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். கடிதத் தேதியிலிருந்து எண்ணுவதா, கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணுவதா என்ற குழப்பம் இருந்தால் முந்தைய தேதியையே வைத்துக்கொள்ளுங்கள்.

இது உண்மையான கடிதமா, ஏமாற்றுக்காரர்கள் அனுப்பியதா?

2019 அக்டோபர் 1 முதல் துறை அனுப்பும் கடிதங்களில் டின் எண் இருக்க வேண்டும். வருமான வரி போர்ட்டலின் முகப்புப் பக்கத்தில், ‘குயிக் லிங்க்ஸ்’ பகுதியில், நோட்டீஸின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. லாகின் தேவையில்லை. டின் எண்ணையும் உங்கள் மொபைல் எண்ணையும் போட்டு, வரும் ஓடிபியைக் கொடுத்தால் அந்த எண்ணில் கடிதம் வெளியிடப்பட்டதா என்று காட்டிவிடும்.

மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தட்டி உள்ளே போகாதீர்கள். உலாவியில் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிய வேண்டும். வங்கிக் கடவுச்சொல், ஓடிபி ஆகியவற்றைத் துறை தொலைபேசியில் கேட்காது. யாருடைய யுபிஐ எண்ணுக்கும் வரி கட்டச் சொல்லாது. வீடியோ அழைப்பில் வந்து ‘கைது செய்கிறோம்’ என்று மிரட்டுபவர் வரி அதிகாரி அல்ல. அழைப்பைத் துண்டித்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

எனக்குக் கடிதமே வரவில்லை. ஆனால் பாக்கி இருக்கிறது என்கிறார்களே?

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: போர்ட்டலில் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் ஆடிட்டர் அலுவலகத்தின் மின்னஞ்சலோ, பழைய கம்பெனியின் மின்னஞ்சலோ பதிவாகியிருக்கும். கடிதம் போயிருக்கும், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ‘எனக்குக் கிடைக்கவில்லை’ என்ற வாதம் பின்னால் எளிதில் எடுபடாது. பதிவு செய்த முகவரிக்கு அனுப்பியதே உங்களிடம் சேர்ப்பித்ததாகக் கொள்ளப்படும்.

இன்றே ‘மை ப்ரொஃபைல்’ பகுதிக்குப் போய் முதன்மை மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். ஆடிட்டரின் எண்ணை இரண்டாவது தொடர்பாக வைத்தால் போதும். பிறகு மேலே ‘பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்’ என்பதில் ‘இ-ப்ரொசீடிங்ஸ்’, ‘ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்’ இரண்டையும் திறந்து பாருங்கள். எல்லா நோட்டீஸும் பாக்கியும் இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கும். மாதம் ஒருமுறை பார்ப்பது நல்ல பழக்கம்.

143(1) என்று ஒரு பிடிஎஃப் வந்திருக்கிறது. திறக்கவே முடியவில்லை.

கடவுச்சொல், பான் எண் சிறிய எழுத்துகளில், அதை ஒட்டி பிறந்த தேதி எட்டு இலக்கங்களில் (நாள், மாதம், ஆண்டு). இடைவெளியோ கோடோ வேண்டாம்.

இது பெங்களூரு மத்திய செயலாக்க மையம் அனுப்புவது. ரிட்டர்ன் போட்ட ஒவ்வொருவருக்கும் வரும். ‘நோட்டீஸ் வந்துவிட்டது’ என்று அஞ்ச வேண்டியதில்லை. உள்ளே அருகருகே இரண்டு பத்திகள் இருக்கும்: நீங்கள் சொன்ன கணக்கு ஒரு பக்கம், துறை போட்ட கணக்கு ஒரு பக்கம். கடைசி வரியில் பாக்கியும் இல்லை, ரீஃபண்டும் இல்லை என்றிருந்தால் சேமித்து வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். ரீஃபண்ட் என்றால் வங்கிக் கணக்கு போர்ட்டலில் சரிபார்க்கப்பட்டதா என்று மட்டும் பாருங்கள். 100 ரூபாய்க்கு உட்பட்ட பாக்கியைக் கேட்க மாட்டார்கள். 100 ரூபாய்க்குக் குறைவான ரீஃபண்டும் வராது.

பாக்கி என்றிருந்தால் இரண்டு பத்திகளையும் வரி வரியாக, மேலிருந்து கீழே, பேனாவால் குறித்துக்கொண்டே ஒப்பிடுங்கள். முதன்முதலில் எந்த வரியில் எண் மாறுகிறதோ அதுதான் நோய்க்கு மூலம். அதற்குக் கீழே மாறும் எண்களெல்லாம் அதன் விளைவு. சம்பள வரியில் மாறினால் வருமானம் விடுபட்டிருக்கிறது. கழிவு வரியில் மாறினால் 80சி, 80டி போன்ற ஏதோ ஒன்று ஏற்கப்படவில்லை. டிடிஎஸ், அதாவது வருமானத்திலேயே பிடித்த வரி, உள்ள இடத்தில் மாறினால் அது உங்கள் கணக்கில் ஏறவில்லை. வருமானமும் கழிவும் டிடிஎஸ்ஸும் சரியாக இருந்து வட்டி மட்டும் மாறினால் அது தாமதத்துக்கான 234ஏ, 234பி, 234சி வட்டிக் கணக்கு.

2025 ஜூலையில் போட்ட ரிட்டர்னுக்கு இந்தக் கடிதம் 2026 டிசம்பர் 31 வரை வரலாம். கெடு, ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம். பாக்கியைக் கட்ட 30 நாள். தாண்டினால் மாதத்துக்கு, அல்லது மாதத்தின் பகுதிக்கு, 1 சதவீத வட்டி.

கம்பெனி கொடுத்த ஃபாரம் 16 சம்பள வரிச் சான்றிதழில் உள்ளபடிதான் போட்டேன். பிறகு ஏன் பாக்கி?

ஆண்டின் நடுவில் வேலை மாறினீர்களா? கிண்டியிலும் ஓஎம்ஆரிலும் வேலை மாறுவது சகஜம். இந்தச் சிக்கலும் அவ்வளவு சகஜம். எண்களோடு பார்த்தால் விளங்கும். 2024-25 நிதியாண்டு, புதிய வரி முறை என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கம்பெனியில் மாதம் 90,000 வீதம் ஐந்து மாதம், 4,50,000. அவர்கள் ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பீர்கள் என்று கணக்கிட்டு ஏறத்தாழ 21,990 ரூபாய் பிடித்திருப்பார்கள். இரண்டாவது கம்பெனியில் ஏழு மாதத்துக்கு 6,75,000. முந்தைய சம்பளத்தை நீங்கள் சொல்லாததால் அவர்கள் நிலையான கழிவு 75,000 போக 6,00,000 என்று பார்த்து, குறைந்த வருமானத்துக்கான 87ஏ தள்ளுபடியில் வரியே இல்லை என்று விட்டிருப்பார்கள். உண்மையில் இரண்டும் சேர்ந்து 11,25,000. நிலையான கழிவு ஒருமுறைதான். 10,50,000-க்கு வரி 57,500, செஸ் எனும் கூடுதல் வரி 4 சதவீதம் சேர்த்து 59,800. பிடித்தது போகக் குறைவது 37,810, அதன்மேல் வட்டி. இங்கே துறையின் கணக்கில் தவறில்லை, கட்டத்தான் வேண்டும். அடுத்த முறை சேர்ந்த முதல் மாதமே பழைய சம்பள விவரத்தை ஃபாரம் 12பி-யில் எச்ஆர் பிரிவிடம் கொடுத்துவிடுங்கள்.

சம்பளத்தில் வரி பிடித்தார்கள், ஆனால் 26ஏஎஸ் எனப்படும் வரி வரவு அறிக்கையில் இல்லை. நான் மறுபடி கட்ட வேண்டுமா?

வேண்டாம். பிடித்த வரியை முதலாளி அரசுக்குக் கட்டாவிட்டால் அந்தத் தொகையை உங்களிடம் நேரடியாகக் கேட்க முடியாது என்பதுதான் 205-ஆம் பிரிவு. ஆனால் பிடித்தார்கள் என்பதை நீங்கள்தான் நிறுவ வேண்டும். சம்பளச் சீட்டுகளையும், பிடித்தம் போகச் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு அறிக்கையையும் எடுத்து வையுங்கள். டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தச் சொல்லி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்; வாய்ச்சொல் ஆதாரமாகாது. பெரும்பாலும் பான் எண்ணில் ஓர் எழுத்துப் பிழை, அல்லது கடைசிக் காலாண்டு அறிக்கை தாக்கல் ஆகாதது, இவ்வளவுதான் காரணமாக இருக்கும். அவர்கள் திருத்தி, 26ஏஎஸ்-இல் ஏறிய பிறகு ரிட்டர்னை மறு செயலாக்கம் செய்யக் கேளுங்கள். நிறுவனம் மூடிவிட்டது என்றால் பாக்கியை ‘ஏற்கவில்லை’ என்று பதிந்து ஆதாரங்களை இணையுங்கள்.

நிலுவைச் சம்பளத்துக்கு 89-ஆம் பிரிவு நிவாரணம் கேட்டேன். மறுத்துவிட்டார்கள்.

ஃபாரம் 10இ-யை ரிட்டர்னுக்கு முன் போர்ட்டலில் தாக்கல் செய்திருக்க மாட்டீர்கள். அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் இது ஆண்டுதோறும் நடக்கிறது. அலுவலகம் கணக்கிட்டுக் கொடுத்த தாள் போதாது. அந்தப் படிவம் தனியாக, இணையத்தில் போக வேண்டும்.

பாக்கி கேட்டிருக்கிறார்கள். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று போட்டுத் தொல்லையை முடித்துவிடலாமா?

ஒப்பிட்டுப் பார்க்காமல் அதைத் தட்டவே தட்டாதீர்கள். பாக்கி சரி என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு அதை மறுப்பது கடினம். ‘ஏற்கவில்லை’ என்பதில் முழுதாகவும் மறுக்கலாம், பகுதியாகவும் மறுக்கலாம். காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும்: ஏற்கெனவே கட்டிவிட்டேன், திருத்த மனு போட்டிருக்கிறேன், மேல்முறையீடு நிலுவையில் உள்ளது என்று. சலான் விவரம் கேட்டால் வங்கிக் கிளையின் பிஎஸ்ஆர் குறியீடு, தேதி, சலான் எண், தொகை நான்கும் வேண்டும்.

கட்டுவதென்றால் ‘இ-பே டாக்ஸ்’ பகுதியில் 400 என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் கேட்கப்பட்ட பாக்கிக்கு உரியது. 300 என்பது ரிட்டர்ன் போடுமுன் நாமே கட்டுவது. 300-இல் கட்டிவிட்டால் பணம் அரசிடம் இருக்கும், பாக்கி மட்டும் அப்படியே நிற்கும். பாக்கிப் பக்கத்தில் உள்ள ‘பே நவ்’ பொத்தான் வழியாகவே போனால் வகையும் ஆண்டும் தானாக நிரம்பிவிடும். அதுவே பாதுகாப்பான வழி.

துறையின் கணக்குத் தவறு என்றால் எப்படித் திருத்தச் சொல்வது?

கண்ணுக்குத் தெரிகிற பிழை என்றால் 154-ஆம் பிரிவில் திருத்த மனு. உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை போடலாம். ‘சர்வீசஸ்’ பகுதியில் ‘ரெக்டிஃபிகேஷன்’ என்று இருக்கும். அதில் மூன்று வகை முக்கியம். ரிட்டர்ன் சரி, துறையின் செயலாக்கம்தான் தவறு என்றால் மறு செயலாக்கம். டிடிஎஸ், சலான் விவரம் பொருந்தவில்லை என்றால் வரி வரவுத் திருத்தம். ரிட்டர்னிலேயே உங்கள் கை தவறியிருந்தால் தரவுத் திருத்தம். தவறான வகையைத் தேர்ந்தெடுத்தால் அதே பாக்கி மறுபடி வந்து நிற்கும். புதிதாக ஒரு கழிவைக் கேட்க இந்த வழி உதவாது.

‘குறைபாடுள்ள ரிட்டர்ன்’ என்று 139(9)-இல் வந்திருக்கிறது.

இதில் கெடு குறுகியது, 15 நாள். பதில் போகாவிட்டால் நீங்கள் ரிட்டர்னே போடாததாக ஆகிவிடலாம். தாமதக் கட்டணம், நட்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாமை எல்லாம் பின்னால் வரும்.

வழக்கமான காரணம், தவறான படிவம். ஆலோசகராகவோ ஃப்ரீலான்சராகவோ வேலை செய்து தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜே பிரிவில் டிடிஎஸ் பிடிக்கப்பட்டவர், சம்பளக்காரர்களுக்கான ஐடிஆர்-1 படிவத்தைப் போட்டிருப்பார். அது சம்பளம் அல்ல, தொழில் வருமானம். ஐடிஆர்-3 அல்லது ஐடிஆர்-4 போட வேண்டும். இன்னொரு காரணம், டிடிஎஸ்ஸை முழுதாகக் கேட்டுவிட்டு அதற்குரிய வருமானத்தைக் குறைத்துக் காட்டியது. பதில் என்பது திருத்திய ரிட்டர்னை அதே பகுதியில் ஏற்றுவதுதான்; விளக்கக் கடிதம் மட்டும் போதாது. ஏற்றிய பிறகு அதையும் இ-வெரிஃபை செய்ய, அதாவது இணையத்தில் உறுதிப்படுத்த, வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை மறந்து 15 நாளையும் வீணாக்குகிறார்கள்.

ரீஃபண்டைப் பழைய பாக்கிக்கு ஈடுகட்டப் போவதாக 245-இல் கடிதம். எனக்கு அப்படி ஒரு பாக்கியே நினைவில்லை.

கடிதத்தில் உள்ள கெடுவுக்குள், பொதுவாக 21 நாள், பதில் போடுங்கள். பேசாமல் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய பாக்கி என்றால், காகிதக் காலத்தில் கட்டிய சலான் கணினியில் ஏறாததாக இருக்கலாம். பழைய பீரோவில் வங்கி முத்திரை போட்ட சலான் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் 2009-10 நிதியாண்டு வரையிலான 25,000 ரூபாய்க்கு உட்பட்ட பாக்கிகளையும், 2010-11 முதல் 2014-15 வரையிலான 10,000 ரூபாய்க்கு உட்பட்ட பாக்கிகளையும் கைவிடுவதாக அறிவித்தார்கள். ஒருவருக்கு மொத்தம் ஒரு லட்சம் வரை. அதற்குள் வருகிறதா என்றும் பாருங்கள்.

‘உயர் மதிப்புப் பரிவர்த்தனை’ என்று எஸ்எம்எஸ் வந்தது. இது நோட்டீஸா?

இல்லை, முன்னெச்சரிக்கை. ஆனால் அலட்சியம் செய்தால் பின்னால் நோட்டீஸாக மாறக்கூடியது. சேமிப்புக் கணக்கில் ஆண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் போட்டால் வங்கி தெரிவித்தாக வேண்டும். அந்த அளவு வைப்புநிதி, மியூச்சுவல் ஃபண்ட் முதலீடுகளும், 30 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்துப் பதிவுகளும் இப்படித்தான் துறைக்குப் போகின்றன. எல்லாம் ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் இருக்கும். போர்ட்டலில் நீங்களே பார்க்கலாம்.

ஏஐஎஸ்-இல் இருப்பதெல்லாம் வருமானம் அல்ல. பங்கு விற்ற முழுத் தொகை அதில் நிற்கும்; லாபம் அதில் சிறு பகுதிதான். கூட்டுக் கணக்கின் வட்டி பெரும்பாலும் முதல் பெயருக்குப் போகும். ஒரே வைப்புநிதி இரண்டு முறை ஏறியிருப்பதும் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே கருத்து தெரிவிக்க இடமிருக்கிறது: சரி, ஓரளவு தவறு, வேறு பானுக்கோ வேறு ஆண்டுக்கோ உரியது, இருமுறை வந்துள்ளது, மறுக்கிறேன் என்று. தவறை அங்கே பதியுங்கள். சரி என்று தெரிந்து ரிட்டர்னில் விட்டிருந்தால் திருத்திய ரிட்டர்ன் போடுங்கள். அதற்கான கெடு போய்விட்டால் அப்டேட்டட் ரிட்டர்ன். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை உண்டு. முதல் ஆண்டில் வரியோடும் வட்டியோடும் கூடுதலாக 25 சதவீதம், பிறகு ஆண்டுக்கு ஆண்டு 50, 60, 70 சதவீதம். நாமே முன்வந்து கட்டுவது, பிடிபட்டபின் கட்டுவதைவிட மலிவு.

வைப்புநிதி வட்டியில் பெரியவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். ‘வங்கியே பிடித்துவிட்டதே’ என்பார்கள். வங்கி பிடிப்பது 10 சதவீதம். உங்கள் வரி விகிதம் 20 அல்லது 30 ஆக இருந்தால் மீதி உங்கள் பொறுப்பு.

அம்மாவுக்கு வாடகை கொடுத்து எச்ஆர்ஏ எனும் வீட்டு வாடகைப்படிக் கழிவு காட்டினேன். ஆதாரம் கேட்கிறார்கள்.

பெற்றோருக்கு வாடகை கொடுப்பது சட்டப்படி சரி, உண்மையில் கொடுத்திருந்தால். மாதாமாதம் வங்கி வழியாகப் போனதா, வீடு அம்மா பெயரில் இருக்கிறதா, அவர் தம் ரிட்டர்னில் அதை வருமானமாகக் காட்டினாரா என்ற மூன்றையும் பார்ப்பார்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அவருடைய பான் எண்ணும் வேண்டும். மூன்றில் ஒன்றும் இல்லையென்றால் போலி ரசீது தயாரிக்க இறங்காதீர்கள். கேட்ட கழிவைத் திரும்பப் பெற்று வரி கட்டுவதே வழி. போலி ஆவணம் என்று வந்தால் தவறான தகவல் என்ற கணக்கில் வரியைப் போல 200 சதவீதம் அபராதம் வரை போகும்.

வீடு வாங்கினேன். எனக்கு ஏன் டிடிஎஸ் நோட்டீஸ்?

50 லட்சமோ அதற்கு மேலோ ஆன சொத்தை வாங்குபவர் விற்பனை விலை, முத்திரைக் கட்டணத்துக்கு எடுத்த மதிப்பு இரண்டில் அதிகமானதில் 1 சதவீதம் பிடித்து, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். 2026 மார்ச் வரையிலான கிரயங்களுக்கு அந்தப் படிவம் 26க்யூபி. பத்திரச் செலவு, மேஸ்திரி, புதுமனைப் புகுவிழா என்று அலைச்சலில் இதை மறந்துவிடுவார்கள். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய், பிடித்தத் தொகையைத் தாண்டாமல். வட்டி தனி. கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கினால் இருவரும் தனித்தனிப் படிவம் போட வேண்டும். விற்பவர்கள் இருவர் என்றால் நான்கு படிவம். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கே பொருந்தாது. 195-ஆம் பிரிவில் அதிகம் பிடிக்க வேண்டும். முன்பணம் கொடுக்குமுன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்திரத்தில் போட்ட விலையைவிட வழிகாட்டி மதிப்பு அதிகம் என்று கேட்கிறார்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைக் கட்டணத்துக்கு எடுத்த மதிப்புதான் துறைக்குப் போகும். விற்பனை விலையின் 110 சதவீதத்துக்குள் அது இருந்தால் பிரச்சினை இல்லை. 60 லட்சத்துக்குக் கிரயம், வழிகாட்டி மதிப்பு 64 லட்சம் என்றால் விட்டுவிடுவார்கள். 70 லட்சம் என்றால் விற்றவருக்கு 70 லட்சத்துக்கு விற்றதாகவே மூலதன ஆதாயம் கணக்கிடுவார்கள்; வாங்கியவருக்கு 10 லட்சம் வருமானமாகச் சேரும். இருபக்கமும் அடி.

மறுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. விற்பனை ஒப்பந்தம் முன்பே எழுதி, அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ காசோலையாகவோ வங்கி வழியாகவோ முன்பணம் கொடுத்திருந்தால், ஒப்பந்த நாளின் வழிகாட்டி மதிப்பை எடுக்கச் சொல்லலாம். முன்பணம் ரொக்கமாகப் போயிருந்தால் இந்த வாதம் நிற்காது. இரண்டாவது, அந்த மனைக்கு உண்மைச் சந்தை விலை குறைவு என்றால், துறையின் மதிப்பீட்டு அலுவலரிடம் அனுப்பக் கேட்கலாம். வழக்கில் உள்ள சொத்து, வண்டி நுழையாத சந்து, மழையில் தேங்கும் தெரு ஆகியவற்றுக்குப் புகைப்படமும் ஆவணமும் சேருங்கள். இதை அதிகாரியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவரே வழிகாட்டி மதிப்பை எடுத்துக்கொள்வார்.

142(1), 143(2) என்று வந்தால் எப்படிப் பதில் எழுதுவது?

இவை விசாரணைக் கடிதங்கள். 2025 ஜூலையில் போட்ட ரிட்டர்னுக்கு 143(2) நோட்டீஸ் 2026 ஜூன் 30-க்குள் வந்தாக வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் செல்லாது. ஆகவே தேதியை முதலில் பாருங்கள். 142(1)-க்குப் பதில் போடாமல் விட்டால் ஒவ்வொரு தவறுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். அதைவிட மோசம், கையில் உள்ளதை வைத்து அதிகாரியே 144-இல் உங்கள் வருமானத்தைத் தீர்மானித்துவிடலாம்.

இப்போது இவை பெரும்பாலும் முகமறியா முறையில் நடக்கின்றன. உங்கள் கோப்பு எந்த ஊர் அதிகாரியிடம் இருக்கிறது என்று தெரியாது. அவருக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் ஏற்றும் தாள்தான் பேச வேண்டும். அதனால் பதிலை இப்படி அமையுங்கள்: மேலே பான், மதிப்பீட்டு ஆண்டு, டின், கடிதத் தேதி. பிறகு அவர் கேட்ட வரிசையிலேயே, அவர் கொடுத்த எண்களிலேயே ஒவ்வொரு கேள்விக்கும் பதில். ஒவ்வொரு பதிலின் முடிவிலும் எந்த இணைப்பைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. கேட்காததை எழுதாதீர்கள், கேட்டதை விடாதீர்கள். ஒரு ஆவணம் இன்னும் கிடைக்கவில்லை என்றால் அதையும், எப்போது தருவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பதிலை ஆங்கிலத்தில் எழுதுவது வழக்கம். தமிழ்ப் பத்திரம் இணைத்தால் முக்கியப் பகுதிகளின் மொழிபெயர்ப்பையும் வையுங்கள். படிப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம்.

ஒரு கோப்பு 5 எம்பிக்குள் இருக்க வேண்டும். கைபேசியில் படம் பிடித்த பாஸ்புக் பக்கங்கள் எளிதில் இதைத் தாண்டும். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யுங்கள். கோப்புப் பெயரில் குறியீடுகள் வேண்டாம். கடைசி நாள் இரவில் ஏற்ற உட்காராதீர்கள். ‘சப்மிட்’ ஆனதும் வரும் ஒப்புகை எண்ணைச் சேமியுங்கள். நேரம் போதாதென்றால் கெடு முடியுமுன் அதே பக்கத்தில் கால அவகாசம் கேளுங்கள். கேட்டதற்காகவே கிடைத்துவிட்டதாக எண்ணக் கூடாது. பாதகமாக ஒரு வரைவு உத்தரவு வந்தால் காணொளி விசாரணை கேட்கும் உரிமையும் உண்டு.

வங்கியில் போட்ட ரொக்கத்துக்கு விளக்கம் கேட்கிறார்கள். வீட்டுச் சேமிப்புதான்.

‘சேமிப்பு’ என்ற ஒரு சொல் போதாது. எந்த நாளில் எங்கிருந்து வந்தது என்று தேதிவாரியாக ஒரு அட்டவணை போடுங்கள். நகை விற்றது என்றால் கடையின் கொள்முதல் ரசீது. சீட்டு எடுத்தது என்றால் சீட்டுப் புத்தகமும் கம்பெனிக் கடிதமும். முன்பு எடுத்த பணத்தையே திரும்பப் போட்டது என்றால், எடுத்த நாளும் போட்ட நாளும் வங்கி அறிக்கையில் அருகருகே இருக்க வேண்டும். மூன்று ஆண்டு இடைவெளி என்றால் நம்ப மாட்டார்கள். உறவினர் கொடுத்தது என்றால் அவருடைய பானும், அவரிடம் அந்தப் பணம் இருந்ததற்கான ஆதாரமும். விளக்கப்படாத பணம் என்று முடிவானால் 115பிபிஇ பிரிவில் 60 சதவீத வரி, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 78 சதவீதம். இந்த ஒரு கேள்விக்காவது அனுபவமுள்ள ஆடிட்டரின் கை அவசியம்.

148ஏ கடிதம் என்றால் என்ன?

முடிந்துபோன ஆண்டை மீண்டும் திறக்கலாமா என்று உங்களிடம் காரணம் கேட்பது. இந்தப் படியில் கொடுக்கும் பதிலுக்கு மதிப்பு அதிகம். இங்கேயே விளக்கிவிட்டால் ஆண்டு திறக்கப்படாமலே போகலாம். 2024 செப்டம்பர் 1 முதல் உள்ள விதிப்படி, 148 நோட்டீஸுக்கு மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்று ஆண்டு மூன்று மாதம் வரைதான் கெடு. தப்பிய வருமானம் 50 லட்சமோ மேலோ என்றால் ஐந்து ஆண்டு மூன்று மாதம். அவர்கள் வைத்திருக்கும் தகவலின் நகல் இணைப்பில் இருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்கிய பிறகு பதில் எழுதுங்கள்.

காலமான அப்பா பெயரில் நோட்டீஸ் வந்திருக்கிறது.

அவருடைய லாகினில் நுழைந்து பதில் போடக் கூடாது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், இருவரின் பான் ஆகியவற்றோடு உங்கள் லாகினிலிருந்து சட்டப்பூர்வப் பிரதிநிதியாகப் பதிவு செய்யுங்கள். கெடு நெருங்கினால் இறப்பை முதலில் எழுத்தில் தெரிவியுங்கள். அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் உங்கள் பொறுப்பு. சொந்தப் பணத்திலிருந்து கட்டச் சொல்ல முடியாது.

நுங்கம்பாக்கம் அலுவலகத்துக்கு நேரில் போனால் முடியுமா?

143(1), 139(9) போன்றவை பெங்களூரு மையத்தின் வேலை. உத்தமர் காந்தி சாலை ஆயகர் பவனில் கேட்டாலும் அங்கேதான் கைகாட்டுவார்கள். அதற்கு 1800 103 0025 என்ற இலவச எண்ணும் போர்ட்டலின் ‘கிரீவன்ஸ்’ பகுதியும் உண்டு. பழைய காகிதக் காலப் பாக்கி, உள்ளூர் அதிகாரியிடம் நிற்கும் திருத்த மனு போன்றவற்றுக்கு நேரில் போவது பயன் தரும். போகுமுன் போர்ட்டலில் உங்கள் பானுக்குரிய அதிகாரி யார் என்று பாருங்கள். எல்லாக் கோப்பும் நுங்கம்பாக்கத்தில் இருப்பதில்லை. கொடுக்கும் மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

வணிகவரித் துறை, மாநகராட்சி கடிதங்களும் இப்படித்தானா?

இல்லை. ஜிஎஸ்டி நோட்டீஸ் ஜிஎஸ்டி போர்ட்டலில் வரும், பதிலும் அங்கேதான். சொத்து வரியும் தொழில் வரியும் அரையாண்டுக்கு ஒருமுறை சென்னை மாநகராட்சிக்கு உரியவை. ஒன்றுக்கான பதிலை இன்னொன்றில் ஏற்ற முடியாது.

உத்தரவே பாதகமாக வந்துவிட்டால்?

உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் ஃபாரம் 35-இல் மேல்முறையீடு. கட்டணம் மதிப்பிட்ட வருமானத்தைப் பொறுத்து 250, 500 அல்லது 1,000 ரூபாய். மேல்முறையீடு போட்டதாலேயே வசூல் நின்றுவிடாது. தனியாக நிறுத்திவைக்கும் மனு கொடுக்க வேண்டும், வழக்கமாக ஒரு பகுதியைக் கட்டச் சொல்வார்கள். வரி சரிதான், அபராதம் மட்டும் வேண்டாம் என்றால் வேறு வழி இருக்கிறது: வரியையும் வட்டியையும் கட்டி, மேல்முறையீடு செய்யாமல், உத்தரவு வந்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் ஃபாரம் 68-இல் விலக்குக் கேட்கலாம். தவறான தகவல் கொடுத்ததாகச் சொல்லப்பட்டிருந்தால் இந்த விலக்கு உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தாள்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?

ரிட்டர்ன், ஃபாரம் 16, வங்கி அறிக்கை ஆகியவற்றை மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஆறு ஆண்டாவது வையுங்கள். பழைய வங்கி அறிக்கையைப் பிற்பாடு கேட்டால் தாமதமும் கட்டணமும் ஆகும். ஆண்டு முடிந்ததும் பிடிஎஃப்பாக இறக்கிவிடுங்கள். வீட்டுப் பத்திரம், கட்டட ரசீதுகள், பங்கும் நகையும் வாங்கிய ரசீது ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு கிடையாது. விற்று, அந்த ஆண்டின் ரிட்டர்ன் போட்டு, அதன்பின் இன்னும் ஆறு ஆண்டு கழியும்வரை அவை பீரோவில் இருக்கட்டும்.